இருபத்தொரு நாளில் சூடாகும் அடுப்பு

கடிதத்தில் பயிற்சியின் பெயரே ஒன்றரை வரிக்கு நீண்டிருந்தது. நிதிப் பின்னணி இல்லாத மூத்த மேலாளர்களுக்கான உயர்நிலை நிதிப் பயிற்சி, மூன்று நாள், தலைமை அலுவலகம், ஏழாவது மாடி, வருகை கட்டாயம். உலைப் பிரிவின் தலைவி அதை இரண்டு தடவை படித்தாள். 'பின்னணி இல்லாத' என்ற இடத்தில் இரண்டு தடவையும் கொஞ்சம் நின்றாள். இருபத்தாறு வருஷமாக ஆயிரத்தைந்நூறு டிகிரி நெருப்புக்கு முன்னால் நிற்கிற ஒருத்தியிடம், அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலை அது. இரண்டு உலைகள். முதல் உலையில் வெள்ளை பாட்டில், இரண்டாவதில் மருந்துக்கான பழுப்பு பாட்டில். இரண்டுக்கும் அவள்தான் பொறுப்பு. தொழிற்சாலையில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை உலையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி உலைக்கு விடுமுறை கிடையாது. ஒரு தடவை பற்றவைத்தால் பத்துப் பதினோரு வருஷம், உள்ளே சுற்றிக் கட்டிய செங்கல் தேய்ந்து போகும்வரை, அது இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி இறுகி, செங்கல் வெடித்து, உலை செத்துப்போகும். புதுச் செங்கல் கட்டி மறுபடி சூடேற்ற இருபத்தொரு நாள் ஆகும். மணிக்கு இத்தனை டிகிரி என்று, பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவது போல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் விரிசல். இரண்டாம் உலையை முதன்முதலாகச் சூடேற்றியபோது அவள் ஷிஃப்ட் பொறியாளர். அந்த இருபத்தொரு நாளில் மகளுக்கு முதல் பல் முளைத்ததை அவள் தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் செங்கல் மாற்றி இன்னொரு தடவை ஏற்றினாள். இப்போது அந்தச் செங்கலும் தேய்ந்துவிட்டது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை நிதிப் பிரிவுக்கு எழுதினாள். இரண்டு தடவையும் 'போதிய காரணம் இல்லை' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

ஏழாவது மாடியின் பயிற்சி அறையில் ஜன்னல்கள் திறக்காதவை. குளிர்காற்று தலைக்கு நேர் மேலே இறங்கியது. பத்து பிரிவுத் தலைவர்கள் மூன்று மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நெருப்புக்குப் பழகிய உடம்பு அரை மணி நேரத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த விற்பனைத் தலைவன் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான்.

"போட்டுக்கோங்க அக்கா. இல்ல, ஒரு சின்ன உலையா வரவழைக்கவா?"

"வரவழைச்சா அதையும் நீ தள்ளுபடியிலதான் வித்துட்டு வருவே."

அதே மேசையின் மூன்றாவது ஆள் கிடங்குத் தலைவர். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். எது உள்ளே வந்தாலும் ரசீது, எது வெளியே போனாலும் ரசீது, நடுவில் பேச்சு எதுவும் தேவையில்லை என்று வாழ்ந்தவர். அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் வெளியிலிருந்து வந்திருந்த பெண். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். வாரம் முழுவதும் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஒரு சின்ன ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு மிடறு குடித்தாள்.

"நாளைக்கு வர்ற நூறும் இன்னைக்குக் கையில இருக்கற நூறும் ஒண்ணு இல்ல," என்றாள். "அடுத்த வருஷம் வர்றது கொஞ்சம் சின்னது. பத்தாவது வருஷம் வர்றது ரொம்பச் சின்னது. எவ்வளவு சின்னதுன்னு கண்டுபிடிக்கறதுதான் இன்றைய மதிப்பு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புரியாதபோது ஆட்டுகிற ஆட்டு.

"குழாயில போற சூடு மாதிரி," என்றாள் உலையக்கா. "உலைகிட்டக் கொதிக்கும். தூரம் போகப் போகக் குறையும். கடைசி முனைக்கு வர்றப்போ கை வைக்கலாம்."

பயிற்சியாளர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதைப் பாதியில் நிறுத்தினாள். "இது நல்லா இருக்கே மேடம். இனிமே எல்லா வகுப்புலயும் இதையே சொல்லிக்கறேன்."

"சொல்லிக்கோங்க. வாடகை கேக்க மாட்டேன்."

அன்று மாலைக்குள் பயிற்சியாளர் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தாள். ஒரு முடிவு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான்: இந்த முடிவால் எந்தச் செலவு போகும், எந்தச் செலவு போகாது? போகாத செலவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உங்களை ஏமாற்றும். உலையக்கா இதைத் தன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு வகுப்பு பிடித்திருந்தது. எண்களுக்கும் ஓட்டம், கசிவு, தேய்மானம் எல்லாம் உண்டு என்பதும், அவையும் நெருப்பைப் போலச் சில விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதும் அவளுக்கு ஒரு புது ஊருக்குள் நுழைந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் நிதிப் பிரிவுக்காரர்கள் தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு உள்ளே இதைத்தானா செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் நாள் நிதித் தலைவரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாப் பிரிவின் செலவையும் ஒட்ட நறுக்குகிறவர் என்பதால், அவர் இல்லாத இடங்களில் அவர் பெயர் கத்தரி. மற்றபடி கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் பேனாவைக்கூட மை தீர்ந்தால் மாற்று மை போட்டுத்தான் எழுதுவார்.

பயிற்சியாளர் ஒவ்வொரு மேசைக்கும் நாலு பக்கத் தாள் கொடுத்தாள். ஒரு ரொட்டி நிறுவனத்தின் கதை. அதற்கு இரண்டு அடுப்புகள். முதல் அடுப்பு லாபம். இரண்டாவது அடுப்பில் வருஷ விற்பனை அறுபது கோடி, நேரடிச் செலவு ஐம்பது, தலைமை அலுவலகச் செலவில் அதன் பங்கு பதினாலு. ஆக வருஷத்துக்கு நாலு கோடி நஷ்டம். போதாததற்கு அடுப்பைப் புதுப்பிக்க முப்பது கோடி வேண்டும். புதுப்பித்தால் பத்து வருஷம் ஓடும். இரண்டாவது அடுப்பை வைத்துக்கொள்வதா, மூடுவதா? நேற்றுக் கற்ற முறையில் கணக்குப் போட்டுச் சொல்லவும்.

பத்து வருஷ நஷ்டம் நாற்பது கோடி, இன்றைய மதிப்பில் அது சுருங்கி இருபது கோடி, புதுப்பிக்க முப்பது, மொத்தம் ஐம்பது கோடி. மூன்று மேசைகளும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே விடையைச் சொன்னன. மூடலாம்.

உலையக்காவும் அந்த ஐம்பதைப் போட்டிருந்தாள். ஆனால் அவளுக்கு எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் உண்டு. உலையின் வெப்பப் பதிவேட்டில் ஒரு வரியைத் தாண்டிப் படித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். மற்றவர்கள் அட்டவணையைப் பார்த்தார்கள், அவள் வார்த்தைகளைப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள். "இந்த அடுப்பைப் புதுப்பிச்ச பிறகு சூடேத்த இருபத்தொரு நாள் ஆகும்னு போட்டிருக்கு. எந்த ரொட்டி அடுப்பு இருபத்தொரு நாள்ல சூடாகும்?"

"பெரிய அடுப்பு," என்றார் கடைசி வரிசையிலிருந்து நிதித் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு அடுத்த வரியைப் படித்தாள். சிரிப்பு அப்படியே உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

'உடைந்த ரொட்டியில் தொண்ணூறு சதவீதம் மீண்டும் அடுப்பிலிடப்பட்டு உருக்கப்படுகிறது.'

அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். உடைந்த பாட்டிலைத்தான் அப்படி மறுபடி உலையில் போட்டு உருக்குவார்கள். அதற்குக் கீழே: பணியாளர்கள், நூற்று நாற்பது பேர். இரண்டாம் உலையின் வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறவள் அவள். நூற்று நாற்பது.

யாரோ அவளுடைய உலையின் கோப்பை எடுத்து, உலை என்று இருந்த இடத்தில் எல்லாம் அடுப்பு என்றும், பாட்டில் என்று இருந்த இடத்தில் எல்லாம் ரொட்டி என்றும் மாற்றியிருக்கிறார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆகிற வேலை. மாற்றியவர் தன் வாழ்நாளில் உலையையும் பார்த்ததில்லை, ரொட்டி சுடுவதையும் பார்த்ததில்லை. அதனால் ரொட்டி உருகாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பயிற்சியாளர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டாள். 'பங்கேற்ற பிரிவுத் தலைவர்களின் பரிந்துரை' என்று தலைப்பு. நடுவில் பெரிய காலி இடம். கீழே பத்துக் கையெழுத்துக்குப் பத்துக் கோடு. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு எழுத்தில்: இத்தாளும் இதற்கு ஆதாரமான கணக்கும் திங்கட்கிழமை இயக்குநர் குழுவின் பார்வைக்கு வைக்கப்படும்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள நிரப்பிக் கையெழுத்துப் போட்டா போதும்," என்றாள் பயிற்சியாளர். "பயிற்சியில நீங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு குழு பார்க்கணுமாம்."

உலையக்கா அந்த எறும்பு எழுத்தை இன்னொரு தடவை படித்தாள்.

தேநீர் இடைவேளையில் விற்பனைத் தலைவனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"தம்பி, அது ரொட்டிக் கம்பெனி இல்ல."

அவன் கோப்பையைச் சுழற்றினான். "தெரியும் அக்கா."

"எப்போ தெரியும்?"

"காலையிலேயே. அறுபது கோடி என் நம்பர். என் நம்பர் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டே மூடலாம்னு கை தூக்கினியா?"

"அடுத்த மாசம் என் பட்ஜெட்டும் அந்தக் கத்தரி மேசைக்குத்தான் போகுது அக்கா. அது வெறும் பயிற்சி. நம்ம கையெழுத்தால ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாத கையெழுத்தை எதுக்கு இயக்குநர் குழுவுக்குக் கொண்டு போறாங்க? திங்கட்கிழமை அங்க போய், உங்க பிரிவுத் தலைவர்களே மூடச் சொல்லிட்டாங்கன்னு சொல்லப் போறார். உலைக்காரியே கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொல்லப் போறார்."

அவன் கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் கீழே கொட்டினான்.

"நூத்தி நாப்பது பேர் தம்பி. அவங்களும் ரொட்டின்னு நினைச்சுக்கிட்டியா?"

கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். மீதி நேரம் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது மணி ஐந்தரை. அவள் கணவர் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். விடிவதற்கு முன் போய்ப் பிற்பகலில் திரும்பி, ஏழு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். வீட்டில் இரண்டு பேருமே நெருப்போடு பிழைக்கிறவர்கள் என்பதால், சமையலறை அடுப்பைப் பற்றவைக்க மட்டும் இருவருக்கும் மனசு வராது. யார் பற்றவைப்பது என்பதில் கல்யாணமான நாளிலிருந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

"என்னங்க, உங்க அடுப்பு சூடாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். ஏன்?"

"இருபத்தொரு நாள் ஆகும்னா?"

"நான் வேற வேலை பார்த்துப்பேன்."

"உடைஞ்ச ரொட்டியை என்ன பண்ணுவீங்க?"

"ரஸ்க்குக்குப் போகும். இல்லேன்னா கோழிப் பண்ணைக்காரன் எடுத்துப்பான்."

"உருக்க மாட்டீங்களா?"

அவர் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ரெண்டு நாள் குளிர்ல உட்கார்ந்ததுக்கே இப்படியா?"

அவள் நாலு பக்கத்தையும் அவர் முன்னால் போட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்றாம் பக்கத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. நூற்று நாற்பதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்துப் போடாம வந்துடு."

"நான் போடாட்டி ஒன்பது கையெழுத்தோட போகும். உலைக்காரிக்குத் தன் உலை மேல பாசம், அவளை விடுங்கன்னு சொல்லிடுவாங்க. பாசம் இல்ல, கணக்கு தப்புன்னு சொல்லணும். ஆனா நான் கணக்குப் போட்டாலும் அதே ஐம்பதுதான் வருது."

மாவு மூட்டையோடு வந்த பழுப்புத் தாளை மேசையில் விரித்துக் கணக்கை மறுபடி ஆரம்பித்தாள். ஐம்பது. இன்னொரு தடவை. ஐம்பது. எண்கள் சரியாகத்தான் இருந்தன. உலையில் வெப்பமானி சரியாக இருந்து கண்ணாடி மட்டும் கெட்டுப்போனால் அவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். உள்ளே போகிற ஒவ்வொன்றாக எடுத்து, நீ யார் என்று கேட்டாள்.

மணல், சோடா சாம்பல் முதலிய மூலப்பொருள்: உலையை மூடினால் போகும். எரிவாயு: போகும். நூற்று நாற்பது பேர் சம்பளம்: போகும். தலைமை அலுவலகச் செலவில் பங்கு, பதினாலு.

"நீ யாரு?" என்றாள் வாய்விட்டு.

"என்னையா கேக்கறே?" என்றார் கணவர், படுக்கையை உதறியபடி.

"இந்தப் பதினாலைக் கேக்கறேன்."

ஏழாவது மாடியின் வாடகை. திறக்காத ஜன்னல்கள். குளிர்காற்று. நிதிப் பிரிவின் சம்பளம். இந்தப் பயிற்சிக்கான கட்டணம்கூட இதில்தான் இருக்கும். இரண்டாம் உலை நாளைக்கு அணைந்தால் ஏழாவது மாடியும் அணைந்துவிடுமா? அணையாது. அந்தப் பதினாலும் எழுந்து நடந்துபோய் முதல் உலையின் தலையில் உட்காரும். அடுத்த வருஷம் முதல் உலையும் நஷ்டம் என்று இன்னொரு ரொட்டிக் கதை வரும்.

நோட்டைத் திறந்தாள். அடிக்கோடு போட்ட வரி அங்கேயே இருந்தது. போகாத செலவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதினாலை அடித்தாள். அறுபதில் ஐம்பது போக, இரண்டாம் உலை வருஷத்துக்குப் பத்து கோடி தருகிறது. பத்து வருஷத்துக்கு நூறு, அதன் இன்றைய மதிப்பு ஐம்பது. செங்கலுக்கு முப்பது. மிச்சம் இருபது, லாபம். நஷ்டம் ஐம்பது என்றார்கள், இருபது லாபம் என்று வருகிறது. பேனாவை வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகக் கை சூடாக இருந்தது.

"வேலைக்கு ஆபத்து வருமா?" என்றார் அவர், தலையணையிலிருந்து.

"வந்தா உங்க அடுப்புல வந்து நிக்கறேன்."

"அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் ஜாஸ்தி." புரண்டு படுத்தார். "கூடையில இன்னைக்குச் சுட்ட ரொட்டி ஒண்ணு இருக்கு. பெரிசு. காலையில எடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"இதை எழுதின ஆளு ரொட்டியைப் பார்த்ததே இல்ல போலிருக்கே."

மூன்றாம் நாள் அரை மணி நேரம் முன்னதாகவே போனாள். பயிற்சியாளர் தனியாகக் கம்பிகளைச் சொருகிக்கொண்டிருந்தாள். உலையக்கா மாவுத் தாளை அவள் முன் விரித்தாள். அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, விரலை வரி வரியாக நகர்த்தி மறுபடி பார்த்தாள்.

"இந்தக் கதை நான் எழுதினது இல்ல மேடம். உங்க நிதிப் பிரிவுதான் கொடுத்தது. என் கதையில ஒரு பென்சில் கம்பெனி வரும். அதை வேண்டாம்னாங்க." தொண்டையைச் செருமினாள். "நான் அட்டவணையை மட்டும்தான் சரி பார்த்தேன்."

"என் கணக்கு தப்பா?"

"இல்ல. நேத்து நீங்க எல்லாரும் போட்டதுதான் தப்பு. முதல் நாள் நான் சொன்னதையே நான் கவனிக்கல. அது எனக்கு அசிங்கம்." வெந்நீர் குடித்தாள். "நீங்க பேசுங்க. நேரம் முடிஞ்சதுன்னு நான் மணி அடிக்க மாட்டேன்."

மதியம் வரை காத்திருக்காமல் பத்து மணிக்கே நிதித் தலைவர் தாளை வாங்கிப்போக வந்தார். உலையக்கா எழுந்து போய், துணியில் சுற்றியிருந்த ரொட்டியை எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவர் முன்னால் இருந்த கோப்பின் மேல் வைத்தாள். அறையெல்லாம் ரொட்டி வாசனை பரவியது.

"உடைஞ்ச ரொட்டி சார். மூணாம் பக்கத்துல இருக்கற மாதிரி இதை உருக்கிக் காட்டுங்க."

யாரோ இருமினார்கள். நிதித் தலைவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். காது மடல் கொஞ்சம் சிவந்தது.

"தட்டச்சுப் பிழை," என்றார்.

"இருபத்தொரு நாளும் தட்டச்சுப் பிழையா? நூத்தி நாப்பது பேரும் தட்டச்சுப் பிழையா? இது என் உலை சார்."

அறையில் சலசலப்பு. பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. மீதிப் பாதி தரையைப் பார்த்தது.

"பேரை மாத்தினது வேணும்னுதான்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "உலைன்னு போட்டா உணர்ச்சி வந்துடும். திறந்த மனசோட முடிவு எடுக்கட்டும்னு நினைச்சேன். நீங்களே ஐம்பதுன்னு போட்டீங்க. கணக்கு கணக்குதானே?"

"ஆமா சார். அதனாலதான் கணக்கோட வந்திருக்கேன்."

பலகைக்குப் போனாள். ஒரு பக்கம் அவர்களுடைய ஐம்பது, மறுபக்கம் தன்னுடைய இருபது. உலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் நிற்கிறவர்களுக்கு உத்தரவு சொல்லிப் பழகிய குரல். அதே குரலில் ஒவ்வொரு செலவாகச் சொல்லி, இது போகும், இது போகும், இது போகும் என்றாள். பதினாலுக்கு வந்ததும் சுண்ணக்கட்டியால் தரையைக் காட்டினாள்.

"இந்த மாடி. இது போகாது."

"தொழிற்சாலை சின்னதானா தலைமை அலுவலகச் செலவும் குறையும்," என்றார் நிதித் தலைவர். "அதை நீங்க கணக்குல எடுக்கல."

அது நல்ல அடி. அவளுக்கே அது நல்ல அடி என்று தெரிந்தது. நேற்று ஏழு மணிக்குக் கணவர் விளக்கை அணைக்கச் சொன்ன பிறகும் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

"சரி சார். எவ்வளவு குறையும்?"

"கணிசமா."

"கணிசம் எண் இல்லையே. மொத நாளே மேடம் சொன்னாங்க, எண்ணா இல்லாததை எழுதாதீங்கன்னு. நான் எண் சொல்றேன். இந்த இருபது கோடி இன்றைய மதிப்பு, அதைப் பத்து வருஷத்துல வர்ற பணமா மாத்தினா நாற்பது, வருஷத்துக்கு நாலு கோடி. உலையை மூடினா இந்தப் பதினாலுல நாலுக்கு மேல குறையும்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. எந்த நாற்காலி போகும், எந்த கார் போகும், எந்த அறையோட வாடகை போகும்னு வரிசையா எழுதுங்க. எழுதினா, மூடணும்னு முதல் கையெழுத்து நான் போடறேன். இப்பவே."

தன் பேனாவை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நிதித் தலைவர் பேனாவைப் பார்த்தார். பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் ஒரு முழு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, "சரியான கேள்வி சார்," என்றாள்.

அவர் எழுதவில்லை. நாலு கோடி என்றால் ஏழாவது மாடியில் பாதி. அது அவருக்குத் தெரியும். எண் தெரிந்தவர்.

"இது வெறும் பயிற்சி," என்றார் கடைசியில். "இவ்வளவு தூரம் இழுக்க வேண்டியதில்ல. தாளை இப்படியே விட்டுடலாம்."

"விட முடியாது சார். தாளும் கணக்கும் குழுவுக்குப் போகும்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்க. போகட்டும். சரியான கணக்கா போகட்டும்."

பரிந்துரைத் தாளை எடுத்துக் காலி இடத்தில் எழுதினாள். 'இரண்டாம் உலையை மூடக் கூடாது. செங்கல் மாற்ற வேண்டும். கணக்கு இணைப்பில்.' அடுப்பு என்று எழுதவில்லை. முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டு, மாவுத் தாளை நாலாக மடித்து அதோடு ஊசியால் குத்தினாள். இரண்டாவது கையெழுத்துக்குத் தாளை மேசை நடுவில் வைத்தபோது யாரும் அசையவில்லை. குளிர்காற்று இரைந்துகொண்டிருந்தது.

கிடங்குத் தலைவர் எழுந்தார்.

"உடைசலைச் சேர்த்தியாம்மா?"

"என்ன அண்ணே?"

"முதல் உலையில உடையற பாட்டிலையும் உன் ரெண்டாவதுதானே தின்னுது. தரையில விழுந்து அழுக்கானது வெள்ளைக்கு ஆகாது, பழுப்புக்கு ஆகும். ரெண்டாவது இல்லைன்னா அதை லாரி பிடிச்சு வெளியே கொட்டணும். லாரி வாடகையும் கொட்டற கூலியும் வருஷத்துக்கு ஒண்ணரை கோடி. என்கிட்ட ரசீது இருக்கு."

"சேர்க்கல அண்ணே."

"அப்போ இருபதுக்கு மேலேயே வரும்." கையெழுத்துப் போட்டார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, கோப்பின் மேல் இருந்த பாதி ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தார். "நல்லா இருக்கு. உருக்க வேண்டாம்."

அவர் வாயோரம் அசைந்தது ரொட்டியாலா சிரிப்பாலா என்று பின்னால் பலர் விவாதித்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இரண்டு பேர் போடவில்லை. ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு அவசரத் தொலைபேசி. விற்பனைத் தலைவன்தான் கடைசி. ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் பட்ஜெட் போச்சு," என்றான்.

"பழுப்பு பாட்டில் இல்லாம எதை விப்பே?" என்றாள் அவள். "ரொட்டியா?"

அவன் போட்டான். போட்டுவிட்டுத் தன் கோட்டை மறுபடி அவள் தோளில் போர்த்தினான்.

நிதித் தலைவர் தாளை வாங்கிக்கொண்டார். எட்டுக் கையெழுத்தையும் எண்ணினார். மாவுத் தாளை விரித்து, இணைப்பு என்று மேல் மூலையில் தன் கையால் எழுதி, தேதி போட்டுக்கொண்டு வெளியே போனார். மதியம் எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அவளுடையதில் 'சிறப்பாக' என்ற வார்த்தையைப் பயிற்சியாளர் கையால் சேர்த்திருந்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர் குழு ஒன்பதரைக்குக் கூடியது. அவளைக் கூப்பிடவில்லை. அவள் இரண்டாம் உலைக்கு முன்னால் நின்று, கண் கூசாமல் இருக்கப் பிடிக்கிற நீலக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உருகிய கண்ணாடி மேலே மேலே புரண்டு நகர்ந்தது. சுவரில் செங்கல் மெலிந்த இடம் தழும்பு போலத் தெரிந்தது. ஷிஃப்ட் ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பன்னிரண்டுக்கு அவள் அறைத் தொலைபேசி அடித்தது. நிதித் தலைவர்.

"மூடற பேச்சை ஒதுக்கி வச்சுட்டாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ரெண்டு மணி நேரம் உங்க மாவுத் தாளைத்தான் பார்த்தாங்க. தலைமை அலுவலகச் செலவை வேற வரிசையா எழுதித் தரச் சொல்லிட்டாங்க என்னை."

"எழுதுங்க சார். நல்ல பயிற்சி."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். "செங்கல் மாத்தறதுக்கு விண்ணப்பம் வேணும். மூணு விலைப்புள்ளியோட. மாசக் கடைசிக்குள்ள."

"ரெண்டு வருஷமா என் மேஜை இழுப்பறையில இருக்கு சார். நீங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பினது. இன்னைக்கே வரும்."

"காரணம்ங்கற பகுதியைக் கொஞ்சம் விரிவா எழுதி அனுப்புங்க. போன தடவை அது போதல."

உலையக்கா இழுப்பறையைத் திறந்தாள். சிவப்பு மை பட்ட தாள்கள் மேலேயே இருந்தன. அவற்றை எடுத்து மேசையில் தட்டி அடுக்கினாள்.

"அந்தப் பகுதியை மட்டும் காலியா விட்டு அனுப்பறேன் சார். நீங்களே எழுதிடுங்க," என்றாள். "எனக்கு நிதிப் பின்னணி இல்ல."